விலைப் பட்டியலில் கேரட் கேரட்டாகவே தெரியட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரிப் பக்கத்தில் தினமும் நீங்கள் வெளியிடும் மலைக் காய்கறி விலைப் பட்டியலைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்ச காலமாக ஒவ்வொரு காயின் பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தில் அந்தக் காயின் படமும் வருகிறது. கைப்பேசியில் உங்கள் செயலியைத் திறந்தாலும் அதே படங்கள்தான். இதைத் தொடங்கியதற்கு முதலில் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் படங்களின் நிறம் சரியில்லை. கேரட் பழுப்பாக இருக்கிறது. பீட்ரூட் கறுப்பு. முட்டைக்கோஸ், மேரக்காய் (சௌசௌ), பீன்ஸ் மூன்றும் ஒரே நீலப்பச்சை. பூண்டுக்கும் டர்னிப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை, இரண்டும் சாம்பல் உருண்டைகள்.

நான் கோத்தகிரியில் ஸ்டுடியோவும் டிடிபி கடையும் நடத்துகிறேன். பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ் போட்டோ, கல்யாண ஆல்பம், கடைகளுக்கு ஸ்டிக்கர், விலைப்பலகை எல்லாம் செய்கிறோம். படத்தைச் சின்னதாக்கும்போது நிறத்துக்கு என்ன ஆகிறது என்பது நான் அன்றாடம் பார்க்கும் வேலை. அதனால்தான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

இந்தப் படங்களை யார் பார்க்கிறார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து வீட்டு அம்மா குத்தகை நிலத்தில் கேரட்டும் பீட்ரூட்டும் போடுகிறவர். அவருக்கு எண்கள் தெரியும், எழுத்து தெரியாது. பேப்பரில் படத்தைப் பார்த்து, அதற்கு நேரே உள்ள எண்ணைப் படித்துக்கொள்வார். பிடுங்கலாமா, இன்னும் நாலு நாள் மண்ணிலேயே விடலாமா, மேட்டுப்பாளையத்துக்கு ஏற்றலாமா என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் யோசிப்பார். அன்றைக்கு பீட்ரூட் படத்தைக் காட்டி, “இதென்ன கண்ணு, கத்தரிக்காய் விலையும் போட ஆரம்பிச்சுட்டாங்களா?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. கருநீலத்தில் உருண்டையாக ஒன்று இருந்தால் யாருக்கும் கத்தரிக்காய்தான் ஞாபகம் வரும்.

இவர் ஒருவர் மட்டுமல்ல. ஜார்கண்ட், அஸ்ஸாம் பக்கமிருந்து குடும்பத்தோடு வந்து இங்கே தேயிலைத் தோட்டத்திலும் காய்கறி நிலத்திலும் வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ் பேசப் பழகியிருப்பார்கள், படிக்க வராது. இப்போது அவர்களில் சிலர் தாங்களே சின்னதாகப் பாத்தி பிடித்துக் காய் போடுகிறார்கள். அவர்களுக்கும் உங்கள் பட்டியலில் புரிகிற ஒரே மொழி அந்தப் படம்தான்.

சரி, நிறம் ஏன் கெட்டது? செயலியில் கேரட் படத்தைத் தொட்டால் பெரிய படம் திறக்கிறது. அதைப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. மண்டியில் நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்த படம் அது. மழைக் காலத்தில் எங்கள் ஊரில் எல்லாக் கடைக்கு மேலும் அந்த நீலத் தார்ப்பாய்தான். வெளிச்சம் அதன் வழியாக வடிந்து இறங்கும்போது கீழே இருக்கும் எல்லாப் பொருளின் மீதும் நீலம் படிகிறது. அங்கே நிற்கும்போது நம் கண்ணுக்கு அது உறைக்காது, பழகிக்கொள்ளும். கேமரா பழகாது.

அந்தப் பெரிய படத்தை என் கம்ப்யூட்டரில் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து பார்த்தேன். கேரட் குவியலின் ஓரத்தில் கொஞ்சம் சிமெண்ட் தரை தெரிகிறது. சிமெண்ட் சாம்பல் நிறம். சாம்பல் என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். 0 என்றால் அந்த நிறம் துளியும் இல்லை, 255 என்றால் முழு அளவு. இந்தப் படத்தில் சிவப்பு 112, பச்சை 124, நீலம் 146 என்று காட்டியது. எவ்வளவு நீலம் ஏறியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். வெளிச்ச அளவுகளைத் திருத்தும் லெவல்ஸ் கருவியில் நடுச் சாம்பலுக்கான சொட்டுக்குழாய் ஒன்று இருக்கிறது, போட்டோஷாப்பிலும் உண்டு. அதை எடுத்து அந்தச் சிமெண்டின் மேல் ஒரு முறை அழுத்தியதும் கேரட்டில் பாதி உயிர் திரும்பிவிட்டது. அப்புறம் கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் கொஞ்சம் உள்ளே தள்ளினால் மங்கலும் போய்விடுகிறது. பனிமூட்டத்தில் எடுத்த படங்களுக்கு இது கட்டாயம் தேவை. மூட்டத்தில் எடுத்த படத்தின் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை எந்த அளவில் எத்தனை புள்ளிகள் என்று காட்டும் வரைபடம், இரண்டு ஓரமும் காலியாகி நடுவில் குவிந்து கிடக்கும்.

ஆனால் அந்தச் சிமெண்ட் தெரியாமல் கேரட்டை மட்டும் நெருக்கமாக வெட்டிவிட்டு, பிறகு “ஆட்டோ” பொத்தானை அழுத்தினால் நிலைமை மோசமாகும். உங்கள் படங்களில் சிலவற்றுக்கு இதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆட்டோ கலர் போன்ற பல கருவிகள், ஒரு படத்தில் உள்ள எல்லா நிறத்தையும் கலந்தால் சாம்பல் வரும் என்ற கணக்கில் வேலை செய்கின்றன. தெருவையோ கூட்டத்தையோ எடுத்த படத்துக்கு அந்தக் கணக்கு ஓரளவு சரிவரும். படம் முழுக்க ஆரஞ்சு என்றால்? ஆரஞ்சு அதிகமாகிவிட்டது என்று அது முடிவு கட்டி, எதிர் நிறமான நீலத்தைச் சேர்க்கும். முழுக்கப் பச்சையான பீன்ஸ் படத்தில் ஊதாச் சிவப்பைச் சேர்க்கும். தேயிலைத் தோட்டத்தில் எடுத்த கல்யாண போட்டோக்களில் மாப்பிள்ளை முகம் ரோஜா நிறமாகிவிடுவதும் இதே காரணத்தால்தான். காய்கறிக்கு ஆட்டோவைத் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தக் காயைக் கையில் எடுத்துப் பார்த்துப் பழகிய ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு படமாகச் சரிசெய்ய வேண்டும்.

அடுத்தது சின்னதாக்கும் வேலை. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. கைப்பேசிக் கேமராவில் எடுத்த படம் 4,000 புள்ளி (பிக்சல்) அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதை 48 புள்ளிக்குக் குறைக்கும்போது, பழைய படத்தின் கிட்டத்தட்ட 7,000 புள்ளிகள் கலந்து புதிய படத்தின் ஒரே புள்ளி ஆகின்றன. கேரட் குவியலில் கேரட் மட்டுமா இருக்கிறது? கேரட்டுக்கு நடுவே இருட்டு, ஒட்டியிருக்கும் செம்மண், வாடிய தழை, சாக்கு நூல் எல்லாமே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்தால் மண் நிறம்தான் கிடைக்கும். பெரிய படத்தில் எவ்வளவு அழகாகக் கலர் கரெக்ஷன் செய்திருந்தாலும் இந்தக் கலப்பில் அது கரைந்துவிடும். அதனால் குவியலை விட்டுவிட்டு, கழுவிய ஒரே ஒரு கேரட்டை எடுத்து வட்டம் நிறைய வையுங்கள். கேத்தி பக்கம் கேரட் கழுவும் இடங்களிலிருந்து வெளியே வரும் கேரட்டைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஆரஞ்சுதான் எங்கள் ஊர் கேரட்டின் உண்மையான நிறம். மண்டிக்கு வரும்போது எல்லோரும் பார்ப்பதும் அதைத்தான்.

சின்னதாக்கும்போது படம் இருண்டும் போகிறது. ஒரு கறுப்புப் புள்ளியும் ஒரு வெள்ளைப் புள்ளியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்த இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 188 என்ற அளவில் வெளிர் சாம்பலாகத் தெரியும். மென்பொருளோ பெரும்பாலும் 0, 255 இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 128 என்று போட்டுவிடும். ஒளியின் உண்மையான அளவு வேறு, கோப்பில் எழுதப்படும் எண் வேறு என்பதால் வரும் பிழை இது. காலிஃப்ளவர், பூண்டு, கேரட் தழை என்று வெளிச்சமும் நிழலும் நெருக்கமாக மாறி மாறி வரும் பொருள்கள் இதில் அதிகம் அடிபடுகின்றன. உங்கள் பட்டியலில் பூண்டு சாம்பலானதற்குப் பாதிக் காரணம் இதுதான். அதனால் சின்னதாக்கிய பிறகு இன்னொரு முறை லெவல்ஸைத் திறந்து, நடு முக்கோணத்தை 1.15 அல்லது 1.2 வரை நகர்த்த வேண்டும். ஸ்டாம்ப் சைஸ் போட்டோவில் முகத்தைக் கொஞ்சம் தூக்கிக் கொடுப்பதும் இதனால்தான். பெரிய பிரிண்டில் சரியாக இருக்கும் முகம் ஸ்டாம்ப் சைஸில் மங்கிவிடும்.

ஓரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். காயை வெட்டி எடுத்து வெள்ளைப் பின்னணியில் வைத்திருக்கிறீர்கள். வெட்டிய ஓரத்தில் தார்ப்பாயின் நீலம் ஒரு மெல்லிய கோடாக ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. பெரிய படத்தில் அது கண்ணில் படாது. ஆனால் 16 புள்ளிக்கு 16 புள்ளி படத்தில் மொத்தமே 256 புள்ளிகள், அதில் 60 புள்ளிகள் ஓரம். நாலில் ஒரு பங்கு நீலம் என்றால் காய் எந்த நிறமாகத் தெரியும்? வெட்டுவதற்கு முன் செலக்ஷனை (தேர்ந்தெடுத்த பகுதியை) ஒன்றிரண்டு புள்ளி உள்ளே சுருக்கிக்கொண்டால் போதும். போட்டோஷாப்பில் இதற்கென்றே டீஃப்ரிஞ்ச் இருக்கிறது.

பச்சைக் காய்கள்தான் உண்மையிலேயே கஷ்டமான வேலை. நம் கண்ணின் மையத்தில் நீலத்தை உணரும் கூம்பணுக்கள் கிடையாது. அதனால் மிகச் சின்னதாக உள்ள பொருளில் நீலம் கலந்த பச்சைக்கும் மஞ்சள் கலந்த பச்சைக்கும் உள்ள வேறுபாடு மங்கிவிடுகிறது. பெரிய படத்தில் முட்டைக்கோஸ் வேறு, பிராக்கோலி வேறு என்று பளிச்சென்று தெரியும், சின்ன வட்டத்தில் தெரியாது. ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் வெளிச்சத்திலும் இடைவெளி விட வேண்டும். முட்டைக்கோஸ் எல்லாவற்றிலும் வெளிர், அதில் மஞ்சள் கலந்திருக்கும். மேரக்காய் அதைவிடக் கொஞ்சம் அடர்த்தி. பீன்ஸ் நடுப்பச்சை. பிராக்கோலி கரும்பச்சை. இல்லாத நிறத்தை ஏற்றச் சொல்லவில்லை. முட்டைக்கோஸில் மஞ்சள் உண்மையிலேயே இருக்கிறது, அதைத் தார்ப்பாய் தின்றுவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். சாச்சுரேஷனை (நிறத்தின் அழுத்தத்தை) கண்டபடி ஏற்றுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சில வியாபார விளம்பரங்களில் கேரட் எரிகிற மாதிரி இருக்கும். சிவப்பு 255-ல் போய் முட்டிக்கொண்டு, உருண்டை வடிவமே காணாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட கேரட் எந்த நிலத்திலும் விளையாது. பார்க்கிற விவசாயிக்கு நம்பிக்கை போய்விடும்.

அச்சில் வரும் படத்துக்கு வேறு கவலைகள் இருக்கின்றன. உங்கள் அச்சுப் பிரிவினருக்குத் தெரியாதது இல்லை, என்றாலும் எழுதுகிறேன். ஆரஞ்சு நிறம் மஞ்சள் மையும் மெஜந்தா (ஊதாச் சிவப்பு) மையும் சேர்ந்தாலே வந்துவிடும். அதில் சயான் (நீலப்பச்சை) மை ஒரு துளி விழுந்தாலும் பழுப்பாகும். திரையில் நீலம் படிந்த கேரட்டை அப்படியே அச்சுக்கான நாலு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றினால் அந்த நீலம்தான் சயான் மையாகக் காகிதத்தில் இறங்குகிறது. பீட்ரூட்டில் நாலு மையும் குவிந்துவிடும். செய்தித்தாள் காகிதம் மையை உறிஞ்சிப் பரப்பும். நாலு மையும் சேர்ந்து மொத்த மை 240 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருப்பதும் அதனால்தானே? பீட்ரூட்டில் கறுப்பையும் சயானையும் குறைத்து மெஜந்தாவை முன்னால் விட்டால் அது பீட்ரூட்டாகத் தெரியும். இன்னொரு லாபமும் உண்டு. பத்து மில்லிமீட்டர்கூட இல்லாத வட்டத்தில் ஒரு மையின் அச்சுத் தட்டு கொஞ்சம் நகர்ந்து அச்சானாலே படம் கலைந்துவிடும். மைகள் குறைவாக இருந்தால் கலைவதும் குறையும்.

சில நாள்களில் அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையில் வருகிறது. அப்போது எந்தக் கலர் கரெக்ஷனும் உதவாது என்று நினைத்துவிட வேண்டாம். நன்றாகச் சரிசெய்த கேரட்டின் ஆரஞ்சை, 232, 120, 36 என்று வைத்துக்கொண்டால், சாம்பலாக்கினால் 144 வருகிறது. 120, 165, 70 என்ற பச்சை 141 ஆகிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். படத்தைத் தயாரிக்கும்போதே ஒரு முறை நிறத்தை நீக்கிப் பார்த்து, ஒன்றைக் கொஞ்சம் வெளிராக்கி இன்னொன்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினால் இந்தச் சிக்கல் தீரும். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்களுக்கும் அதே திருத்தம் உதவும். கறுப்பு வெள்ளையில் சாம்பலின் படிகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்ததே, 1967-ல் உற்பத்தி தொடங்கிய தொழிற்சாலை, அங்கே வேலை பார்த்தவர் அவர். நாடு முழுவதும் ஸ்டுடியோக்களுக்கு “இந்து” பிலிமும் பேப்பரும் எங்கள் மலையிலிருந்து போன காலம் அது. அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. படத்தில் நிறம் தப்பினால் மனசு கேட்காதவர்கள் இங்கே இன்னும் இருக்கிறோம்.

செயலியைப் பற்றி இரண்டு விஷயம். இருட்டுப் பின்னணியை வைத்திருக்கும் கைப்பேசிகளில் உங்கள் பீட்ரூட் முழுதாகவே மறைந்துபோகிறது. வட்டத்துக்கு ஒரு வெளிர் விளிம்பு கொடுத்தாலே தெரியும். அப்புறம், படங்களை ஜேபெக் கோப்பாகச் சேமித்திருக்கிறீர்கள். ஜேபெக் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டாக நாலு புள்ளிக்கு ஒரு நிறம் என்றுதான் எழுதி வைக்கும். 48 புள்ளிப் படத்தில் நிறம் 24 புள்ளி அளவுக்குத்தான் மிஞ்சும். கேரட்டின் சிவப்பு ஓரம் கசிந்து நிற்பது அதனால்தான். பிஎன்ஜியில் சேமித்தால் இந்தத் தொல்லை இல்லை. இப்போதைய கைப்பேசித் திரைகளுக்கு 48 புள்ளி போதவும் போதாது. 192 புள்ளியில் ஒரு மூலப்படம் வைத்துக்கொண்டு அதிலிருந்து 144, 96, 72, 48 என்று இறக்கி, ஒவ்வொரு அளவிலும் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. நிறம் திரைகளுக்கான பொது நிற வரையறையான எஸ்ஆர்ஜிபியில் இருக்கட்டும். அதைவிட விரிந்த அடோப் ஆர்ஜிபியில் விட்டுவிட்டு, எந்த வரையறை என்று சொல்லும் ப்ரொஃபைலையும் நீக்கிவிட்டால் பல கைப்பேசிகளில் எல்லாம் சோகை பிடித்த மாதிரிதான் தெரியும். சரிசெய்கிறவர் தன் கம்ப்யூட்டரில் திரையை மஞ்சளாக்கும் இரவு வெளிச்ச வசதியை அணைத்துவிட்டு உட்கார வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு சொன்னாலும், நீலத் தார்ப்பாய்க்குக் கீழே எடுத்த படத்தை ஓரளவுக்குத்தான் மீட்க முடியும். அந்த வெளிச்சத்தில் சிவப்பே குறைவாக இருப்பதால், சிவப்பை இழுத்து ஏற்றினால் கூடவே புள்ளி புள்ளியாக இரைச்சலும் ஏறும். புதிதாக எடுப்பதுதான் சரி. மண்டிக்கு வெளியே வந்து, மேகம் மூடிய காலை வெளிச்சத்தில், காய்க்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் அட்டையையும் வைத்து எடுத்தால் போதும். விலை உயர்ந்த கேமரா எதுவும் தேவைப்படாது.

ஒரு யோசனையோடு முடிக்கிறேன். பட்டியலில் வரும் காய்கள் எல்லாம் எங்கள் ஊரிலேயே கிடைக்கின்றன. அவற்றை நானே படம் எடுத்து, நிறம் சரிசெய்து, செயலிக்கு 192 புள்ளி அளவில் பிஎன்ஜி கோப்புகளாகவும், அச்சுக்குச் சிஎம்ஒய்கே கோப்புகளாகவும் அனுப்பித் தருகிறேன். கட்டணம் வேண்டாம், படத்துக்குக் கீழே என் பெயரும் வேண்டாம். கேரட்டும் பீட்ரூட்டும் பூண்டும் தயாராக இருக்கின்றன. மேரக்காய்க்கும் பிராக்கோலிக்கும் மழை கொஞ்சம் விட வேண்டும். உங்கள் அச்சகத்தில் எந்த ப்ரொஃபைலைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதை மட்டும் தெரிவித்தால் அதற்கு ஏற்றபடி மாற்றிவிடுவேன். வடகிழக்குப் பருவமழை எங்கள் கோத்தகிரிப் பக்கம் வலுப்பதற்குள் பீட்ரூட் அறுவடை முடிந்துவிடும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற முடியாவிட்டாலும், அதற்குள் பீட்ரூட் படத்தை மட்டுமாவது மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகி,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்